ஒருசந்தி இருந்த மோட்டார்

என் நாத்தனார் இன்னாசிமேரி கைக்குப் போன பொருள் எதுவும் லேசில் ஓய்ந்ததில்லை. அவளுக்குச் சீராக வந்த பித்தளைக் குடம், அவள் புருஷன் இறந்து, அவள் வரதராஜன்பேட்டைக்குத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்து, இடுப்பில் ஏறி ஏறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் ஒரு நெளிவு இல்லாமல் இருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கட்டையைக்கூட வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, பழந்துணியால் மூடித்தான் வைப்பாள்.

"கட்டைக்குக் குளிரவா போவுது அண்ணி?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஒனக்குப் போத்திக்கத் தெரியுது. அதுக்குத் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

அப்படிப்பட்டவள் கையில் என் வீட்டுக்காரர் ஒரு வீட்டையே சக்கரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் பெயர் இருதயநாதன். என் வாயால் சொல்லக் கூடாதுதான். ஆனால் சொல்லாவிட்டால் யாரென்று விளங்காது, அதனால் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டேன். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, திருச்சினாப்பள்ளியில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் பெரிய சிவப்புச் சிலுவை. அதைப் பார்த்ததுமே இன்னாசிமேரிக்கு வண்டி பிடித்துப்போயிற்று. "நம்ம வண்டிதான். சிலுவையெல்லாம் போட்டுல்ல இருக்கு" என்று தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். பட்டாளத்து ஆஸ்பத்திரி வண்டிக்கெல்லாம் அப்படித்தான் போடுவார்கள் என்று தம்பி சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

உள்ளே, அடிபட்டவர்களைப் படுக்கவைக்கிற பலகை இரண்டு இருந்தது. ஒன்றை இவர் படுக்கையாக வைத்துக்கொண்டார். இன்னொன்றில் மெழுகுதிரி, செபமாலை, உத்தரியம், கண்ணாடி போட்ட மாதா படம் எல்லாம் அடுக்கினார். ஒரு மூலையில் அடுப்புக்கு இரும்புப் பெட்டி, அதன் பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய். கூரையில் ஒரு கொக்கி வைத்து அதில் உறி கட்டிக் கொடுத்தது நான். திருவிழா எந்த ஊரில் நடந்தாலும் வண்டி அங்கே போய் நிற்கும். அதிலேயே வியாபாரம், அதிலேயே சோறு, அதிலேயே தூக்கம். திருவிழா இல்லாத மாதங்களில் இவர் திருச்சியில் ஒரு முதலாளியிடம் பஸ் ஓட்டப் போய்விடுவார். வண்டி எங்கள் வீட்டுப் பின்னால், முந்திரித் தோப்பு ஓரத்தில் நிற்கும்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து இவர் திருச்சிக்குக் கிளம்பும்போது அக்காவைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்:

"அக்கா, சக்கரம் தரையிலயே கெடந்தா ரப்பரு செத்துப்போவும். அச்சுக்குக் கீழ கல்லு குடுத்துத் தூக்கி வையி. வெயிலு படக் கூடாது. எலி பூந்தா ஒயர கடிச்சிரும். எல்லாத்துக்கும் மேல, வாரத்துல ஒருநாளு இஞ்சின சுத்திக் கொஞ்ச நேரம் ஓட வுடணும். இல்லாட்டி உள்ள இறுகிக்கும்."

"சுத்துறது யாரு?"

"நீதான். ஒலக்கை புடிச்ச கைக்கு இது என்னா பெரிசு?"

"சுத்துறேன். கூலி என்னா?"

இவர் சிரித்தார். "என்னா வேணும் கேளு."

இன்னாசிமேரி அதை நெடுநாளாக மனசுக்குள் வைத்திருந்திருக்க வேண்டும். யோசிக்கவே இல்லை. "பாஸ்கா கழிச்சு ஏலாக்குறிச்சி திருநாளு வருதுல்ல. முன் சீட்டுல ஒக்காந்து போயி கோயில் வாசல்ல எறங்கணும். ஊரே பாக்கணும்" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. சின்ன வயதிலிருந்து அவள் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்தே போனவள். எங்கள் வீட்டில் வண்டி மாடு இருந்தது, வண்டியும் இருந்தது. ஆனால் ஒரு வருஷம் யாராவது பிள்ளைத்தாச்சி ஏறிக்கொள்வாள், ஒரு வருஷம் முட்டி பிடித்துக்கொண்ட கிழவி ஏறிக்கொள்வாள், யாருமே இல்லாத வருஷத்தில் அரிசி மூட்டை ஏறிக்கொள்ளும். இன்னாசிமேரி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கை கொடுத்தே பழகியவள். தனக்கும் ஒருதரம் இறங்க வேண்டும் என்று ஆசை.

"நான் வந்து நின்னதும் ஒரே சுத்துல இஞ்சின் கெளம்புச்சுன்னா முன் சீட்டு ஒனக்கு. கெளம்பலன்னா மதலேனுக்கு" என்றார் இவர்.

மதலேன் என்றால் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்பக்கம் ஓட்டுகிறவர் சீட்டை விட்டால் இன்னொரு ஆளுக்குத்தான் இடம். நடுவில் கியர் கம்பி நிற்கிற இரும்புப் பெட்டி. நெருக்கி உட்கார முடியாது.

அன்றைக்கே இன்னாசிமேரி கிணற்றடியில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அமலோற்பவமேரி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நெசமாவா அக்கா? மோட்டார்ல குந்தியா?"

"குந்தி இல்லடி. சாஞ்சி."

"பாக்கத்தான போறம்" என்று அமலோற்பவம் வாளியை எடுத்துக்கொண்டாள்.

வண்டியை அவள் வைத்துக் காப்பாற்றிய அழகைச் சொல்ல வேண்டும். அச்சுக்குக் கீழே ஆட்டுக்கல் அளவு கல் கொடுத்து நாலு சக்கரத்தையும் அந்தரத்தில் நிறுத்தினாள். கரையான் ஏறாமல் கல்லைச் சுற்றி அடுப்புச் சாம்பல். வெயிலுக்குப் பனையோலைத் தட்டி. எலிக்கு நொச்சித் தழை, அது போதாதென்று எங்கள் வீட்டுப் பூனையையும் உள்ளே விட்டாள். மெத்தையைப் பிரித்து வைக்கோலை வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைத்தாள். பீப்பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க விடமாட்டாள், கொசு குடியேறிவிடுமாம். கூரையில் ஒழுகின இடத்துக்குத் தார் பூசினாள். அந்தத் தாரில் கொஞ்சம் அவள் முடியிலும் ஒட்டி, வெட்டித்தான் எடுத்தோம்.

சனிக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இஞ்சின். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டி மூக்கில் இரும்புக் கைப்பிடியை மாட்டி ஒரே சுற்று. வண்டி கத்த ஆரம்பிக்கும். பெட்ரோல் அப்போது கூப்பனுக்குத்தான் கிடைக்கும், அதனால் கொஞ்ச நேரந்தான் ஓடவிடலாம். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கடிகாரம் கிடையாது. மாதா பிரார்த்தனையைச் சொல்ல ஆரம்பிப்பாள். இஞ்சின் சத்தத்தை மீறி அவள் கத்த, அக்கம்பக்கத்துப் பெண்கள் முறம் புடைத்துக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் இருந்த இடத்திலிருந்தே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் கத்துவார்கள். பிரார்த்தனை முடிந்ததும் இஞ்சினை அணைத்துவிடுவாள். எங்கள் தெருவில் அந்தப் பிரார்த்தனை மனப்பாடம் ஆகாத பிள்ளையே கிடையாது.

இப்படியே போயிருந்தால் எனக்கு முன் சீட்டு ஆசையே விட்டுப்போயிருக்கும். விபூதித் திருநாள் வந்தது; ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் வரைக்கும் ஊர் நோன்பிருக்கிற தபசுகாலம் அன்றைக்குத்தான் தொடங்கும்.

சாமியாரிடம் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்த இன்னாசிமேரி, நேராகத் தோப்புக்குப் போய்த் தன் நெற்றியிலிருந்து கொஞ்சம் தொட்டு வண்டியின் முன்தகட்டிலும் வைத்தாள். அதை நான் தப்பு சொல்லவில்லை. மாட்டுக்கும்தான் வைத்தாள். ஆனால் அந்த வாரம் சனிக்கிழமை அவள் கைப்பிடியைச் சுற்றி இஞ்சின் கத்தியதும், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அமலோற்பவம் தலையை நீட்டினாள்.

"ஏங்க்கா, தபசுகாலத்துல ஊரே வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒங்க வூட்டு மோட்டாருக்கு மட்டும் தபசு கெடையாதா?"

இன்னாசிமேரி மாதா பிரார்த்தனையை நடுவில் நிறுத்தினாள். அதுவரை அவள் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. இஞ்சினை அணைத்தாள். வண்டியை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தாள்.

"அவ சொல்றதும் நாயந்தான் மதலேனு. பாஸ்கா வரைக்கும் இதுவும் ஒருசந்தி இருக்கட்டும்" என்றாள்.

நான் விடவில்லை. "வாரத்துக்கு ஒருக்கா சுத்தணும்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே அண்ணி."

"அவன் தபசுகாலத்த நெனச்சுச் சொல்லல."

"ஒருசந்தின்னாலும் ஒரு நேரம் சாப்புடலாமுல்ல? ஒரு பிரார்த்தன நேரம் ஓட்டிட்டு நிறுத்திடுங்க."

"நமக்கு ஒரு நேரம், அர நேரம்னு தெரியும். அதுக்குத் தெரியுமா? குடிச்சா கொறையாம குடிக்கும்."

இதற்குமேல் அவளிடம் பேச முடியாது. பேசியும் பார்த்தேன், முடியவில்லை. இஞ்சினுக்கு ஊற்றுகிற தண்ணீர்த் தொட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தண்ணீரையும் வடித்துவிட்டாள். பச்சைத் தண்ணீர்கூட இல்லாத கடும் உபவாசம். கோயிலில் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடின வாரம், தன்னுடைய ஊதாச் சேலையை எடுத்து வண்டியின் முகத்துக்கும் கட்டினாள். இரண்டு விளக்கும் சேலைக்குள்ளிருந்து புடைத்துக்கொண்டு தெரியும். இருட்டுகிற நேரத்தில் அந்தப் பக்கம் போனால் எனக்கே திக்கென்றிருக்கும்.

பாஸ்கா வந்தது. சேலையை அவிழ்த்தாள், தண்ணீர் ஊற்றினாள், கழுவினாள். சுற்ற மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். "தம்பி வந்து மூஞ்சிக்கு முன்னால நிக்கட்டும். அப்பதான் அது பந்தயம்."

ஏலாக்குறிச்சிக்குக் கிளம்புகிற அன்று காலையில் இவர் கூப்பன் பெட்ரோலோடு வந்தார். கல்லை எடுத்துச் சக்கரத்தைத் தரையில் இறக்கி, மாட்டைப் பூட்டி வண்டியைக் கோயில் மைதானத்துக்கு இழுத்து வந்து நிறுத்தினோம். ஊரே சுற்றி நின்றது. நடந்து போகிறவர்களும் மாட்டு வண்டியில் போகிறவர்களும் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இன்னாசிமேரி புதுச் சேலை கட்டி, சிலுவை போட்டுக்கொண்டு, கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள்.

சுற்றவில்லை. கைப்பிடி பாறையில் மாட்டினது மாதிரி நின்றது. தொங்கிப் பார்த்தாள். கைப்பிடி நின்றது, அவள்தான் ஆடினாள்.

"அக்கா, வாராவாரம் ஓட வுட்டியா?" என்றார் இவர்.

அவள் கைப்பிடியைச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். அமலோற்பவம்தான் சொன்னாள்: "தபசுகாலம் பூரா ஒரு சத்தம் இல்லிங்க. ரொம்பப் பக்தியான மோட்டாரு."

விஷயம் தெரிந்ததும் இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன கூட்டம் என்று பார்க்கச் சாமியார் வந்தார். கேட்டு முடித்ததும் தாடியைத் தடவிக்கொண்டே, "இன்னாசிமேரி, கடினமா உழைக்கிறவங்களுக்கும் நோயாளிக்கும் ஒருசந்தி கடமை இல்லன்னு பிரசங்கத்துல சொன்னேனே" என்றார்.

"மனுசருக்குன்னு நெனச்சேன் சாமி. மோட்டாருக்கும் சேத்துத்தான்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

சாமியார் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

இவர் இஞ்சின் தலையிலிருந்த திருகுகளைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டார். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஒருவழியாகக் கைப்பிடி சுற்ற ஆரம்பித்தது. ஆனால் உயிர் வரவில்லை. பேட்டரியும் செத்துப்போயிருந்தது. நான் என் மூட்டையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். பந்தயம் என்றால் பந்தயம்தானே.

"எங்க ஏறுற? கெளம்பவே இல்ல" என்றாள் இன்னாசிமேரி.

"கெளம்பலன்னா எனக்குன்னுதான் பேச்சு அண்ணி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "இப்ப என்னா செஞ்சா கெளம்பும்?"

"வேகமா இழுத்து ஓட வுட்டா, அந்த ஓட்டத்துல கெளம்பும்."

"நம்ம செவலையும் காரியும் எதுக்கு இருக்கு? நான் கெளப்பிக் காட்டுறேன். கெளம்புனா சீட்டு எனக்கு."

"கெளம்பட்டும் மொதல்ல."

வடக்கயிற்றை வண்டியில் கட்டி, மறுமுனையை நுகத்தடியில் கட்டினார்கள். அந்த இரண்டு மாடும் இன்னாசிமேரி குரலைத் தவிர வேறு யார் குரலுக்கும் காலைத் தூக்காது. அதனால் அவளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். "ஹேய் செவல! இழுடா என் ராசா!" புழுதி கிளம்பியது. இவர் உள்ளே எதையோ மிதித்தார், எதையோ விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, வேட்டு மாதிரி ஒரு சத்தம் போட்டு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது.

அந்த வேட்டுச் சத்தத்தில் மாடுகள் மிரண்டு விலகின. இன்னாசிமேரி சமயத்தில் வடக்கயிற்றை நுகத்தடியிலிருந்து உருவிவிட்டாள். மாடுகள் ஒரு பக்கம் ஓட, அவற்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் ஓட, மோட்டார் வடக்கயிற்றை வாலாக இழுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடியது. மோட்டாருக்குள் முன் சீட்டில் நான்.

"நிறுத்துங்க! அண்ணி ஏறல!" என்றேன்.

"நிறுத்துனா செத்துரும். அப்பறம் தேர் இழுக்குற மாதிரி ஊரே இழுக்கணும்" என்று இவர் வண்டியை வளைத்துக் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தார்.

முதல் சுற்றில் பார்த்தோம். அவள் கொடிமரத்துக்குப் பக்கத்தில் மாடுகளை மடக்கிப் பிடித்திருந்தாள். "அக்கா, ஏறு!" "மாட்ட யாருடா பாக்குறது?" வண்டி தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் சுற்றில் அவள் கயிற்றை அமலோற்பவம் கையில் திணித்துக்கொண்டிருந்தாள். அமலோற்பவம், "ஐயோ அக்கா, முட்டுமா?" என்று அலறிக்கொண்டிருந்தாள். "ஒருசந்தி இருக்கச் சொன்னது நீதான? புடி!" மூன்றாம் சுற்றில் இன்னாசிமேரி புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு வண்டியோடு ஓடி வந்தாள். இரண்டே சுற்றுதான் என்று இவர் கடைசிவரை சாதித்தார். மூன்றுதான். முன் சீட்டிலிருந்து பார்த்தவள் நான்.

கதவைத் திறந்து நான் கையை நீட்டினேன். மேலே இழுத்தேன். அவள் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். எழுந்திரு என்று சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நானாகத்தான் எழுந்து, முதுகுப் பக்கம் இருந்த சன்னல் சந்து வழியாகப் பின்னால் மாதா படங்களுக்கு நடுவே குட்டிக்கரணம் போட்டு விழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். சொன்னபடியே சாய்ந்து.

ஜெயங்கொண்டம் தாண்டி, உடையார்பாளையம் தாண்டி, அரியலூர் போய்த் திரும்பி, பொழுது சாய்வதற்குள் ஏலாக்குறிச்சிக் கோயில் வாசலுக்குப் போய்விட்டோம். இவர் இஞ்சினை அணைத்தார்.

"அக்கா, கோயில் வந்தாச்சு. எறங்கு."

இன்னாசிமேரி கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "யாரு இருக்கா?"

"மாதா இருக்காங்க."

"மாதாவுக்கு நான் நடந்து வந்தப்பயே என்னயத் தெரியும். அமலோற்பவம் எங்க?"

நடந்தும் மாட்டு வண்டியிலும் வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் மறுநாள்தான் வந்து சேர்வார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. வேகமாகப் போனதுதான் வினை.

"அவளுவ வரட்டும். வந்தப்பறம் எறங்குறேன்" என்றாள்.

கெஞ்சிப் பார்த்தோம். சோற்றை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டாள். செபமாலையைச் சன்னல் வழியே கோயில் கோபுரத்தைப் பார்த்தே சொன்னாள். நான் போர்வையை மறைப்பாகப் பிடித்து, ஒருதரம் மட்டும் பின்பக்கமாக இறக்கிக் கூட்டிப்போய் வந்தேன். அது இறங்கினதாகக் கணக்கில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டாள். இதற்கிடையில் வெளியூர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டி, சிவப்புச் சிலுவை, உள்ளே அசையாமல் ஒரு பெண்பிள்ளை. மாதாவிடம் சுகம் கேட்டுக் கொண்டுவந்த நோயாளி என்று முடிவே செய்துவிட்டார்கள். ஒரு கிழவி தீர்த்தம் தெளித்தாள். இன்னொருத்தி அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்விட்டு வேண்டினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. நான் எறங்கல, அவ்வளவுதான்" என்றாள் இன்னாசிமேரி.

"எறங்க முடியலியாமே, பாவம்" என்று கிழவி மற்றவர்களிடம் சொன்னாள்.

மறுநாள் வெயில் ஏறி வரும்போது எங்கள் ஊர் வண்டிகள் தெரிந்தன. முதல் வண்டி அமலோற்பவத்தினுடையது. இழுத்து வந்தது யார் என்று பார்த்தால் எங்கள் செவலையும் காரியும். சும்மா நிற்கிற மாடுதானே என்று தன் கிழட்டு மாடுகளை வீட்டில் கட்டிவிட்டு, இவற்றைப் பூட்டியிருக்கிறாள். இன்னாசிமேரி குரலுக்கே நகருகிற மாடுகளை, அவள் மாதிரியே குரல் கொடுத்துக் கொடுத்து ஓட்டி வந்ததில் தொண்டை கட்டி, தலையெல்லாம் செம்மண்.

இன்னாசிமேரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். முகத்தைத் துடைத்தாள். "கதவத் தொற தம்பி" என்றாள். இவர் திறந்துவிட்டார். ஊர் முழுக்க நின்று பார்க்க, வலது காலை எடுத்துப் படியில் வைத்தாள். அத்தனை நேரம் மடங்கிக் கிடந்த கால் மரத்துப்போயிருந்தது. படியை உணரவே இல்லை. அப்படியே முன்னால் சாய்ந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் மேல் போய் விழுந்தாள். அமலோற்பவம் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். ஒரு பிடி செம்மண் புதுச் சேலையில் அப்பியது.

"நடந்துட்டா! மாதா கண்ணத் தொறந்துட்டா!" என்று தீர்த்தம் தெளித்த கிழவி கும்பிட்டாள்.

"என்னாக்கா, மோட்டாரு தள்ளி வுட்டுடுச்சா?" என்றாள் அமலோற்பவம், கட்டின தொண்டையோடு.

அடுத்த தபசுகாலத்தில் சனிக்கிழமை தவறாமல் இஞ்சின் ஓடியது. சாமியார் உத்தரவு கொடுத்துவிட்டார், உழைக்கிற மோட்டார் என்று. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாரையும்விடச் சத்தமாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" சொன்னது அமலோற்பவம்தான். ஆனால் ஏலாக்குறிச்சிப் பேச்சு வரும்போதெல்லாம், தான் தாங்கியிராவிட்டால் அக்கா மூக்கு உடைந்திருக்கும் என்று ஊரில் சொல்லிக்கொண்டே இருப்பாள். இன்னாசிமேரி ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. முந்திரிக்கட்டையைத் துடைத்துக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:

"எப்புடி எறங்குனேங்கிறத வுடு. எறங்குனேனா, இல்லியா?"